முப்பத்திரண்டு பவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முகத்தில் பாதி சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, ராயபுரம் ஃப்ரெடி தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எடுத்தான். இனிமேல் மச்சான் வீட்டுக்குச் சாப்பிடப் போவதில்லை. வானமே இடிந்து விழுந்தாலும் போவதில்லை. மீதிப் பாதி முகத்தையும் மழித்து முடித்தபோது முடிவு இன்னும் கெட்டியாகியிருந்தது.

ஃப்ரெடி துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வரிசையாக வரும் கன்டெய்னர்களை இரண்டு விரலால் தூக்கிக் கப்பலில் அடுக்குவான். அதே மனிதன் வீட்டில் தன் பேச்சைத் தூக்கி ஓர் இடத்தில் வைக்க முடியாமல் இருபது வருஷமாகத் திண்டாடுகிறான். காரணம், ஜானட். கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவள். கவுண்டர் ஓட்டைக்குள் கை நுழையும்போதே, இந்தக் கை சரியான சில்லறை தருமா, ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிவிட்டுச் சண்டை போடுமா என்று சொல்லிவிடுவாள். அவளுக்குப் புருஷன் மனசு எம்மாத்திரம்?

மச்சான் ஸ்டானிஸ்லாஸ், ஜானட்டின் அண்ணன். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கத்திவாக்கத்தில் தனியாக இருக்கிறார். அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் ரயிலேறி அவர் வீட்டுக்குப் போவது கல்யாணமான வாரத்திலிருந்து வழக்கம். ஒருத்தராவது வந்து எதிரே உட்காராமல் அந்த மனுஷர் சோற்றில் கை வைக்க மாட்டார். அவர் வைக்கும் வஞ்சிரக் குழம்பைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். குறையெல்லாம் கூடவே பரிமாறும் கதையில்தான். அவர் போன கப்பல் சூயஸ் கால்வாய்க்கு வெளியே காத்திருந்த கதை. குழம்பு முடிந்து ரசம் வரும்போதும் கப்பல் காத்துக்கொண்டிருக்கும். மோருக்கும் காத்துக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து நங்கூரம் போடுவார். அந்தக் கப்பல் கால்வாய்க்குள் போனதா இல்லையா என்று ஃப்ரெடிக்கு இன்றுவரை தெரியாது.

"ஜானட், நான் இனிமே உங்க அண்ணன் வூட்டுக்கு வர்றதா இல்ல."

"சரி."

சண்டைக்குத் தொண்டையெல்லாம் செருமி வைத்திருந்த ஃப்ரெடி, அந்தச் 'சரி'யை நம்பாமல் திரும்பிப் பார்த்தான்.

"சரின்னா? இன்னா சரி?"

"வராதீங்க. வராம இன்னா பண்ணப் போறீங்க?"

"கிளப்புக்குப் போவேன். ஞாயித்துக்கெழம மத்தியானம்தான் டீமுக்கு பிராக்டீஸ். நான் விடியங்காத்தால போயி நாலு குண்டு சுட்டுட்டு பூசைக்கு ஓடியாந்துகினு இருந்தா எவன் என்னிய டீம்ல சேப்பான்?"

கிளப் என்றதும் சீட்டாட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ரைஃபிள் கிளப். அத்திப்பட்டுக்கு அப்பால், அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும் பொட்டல் வெளியில் இருக்கிறது. குப்புறப் படுத்துக்கொண்டு, இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் காகித டார்கெட்டைச் சுட வேண்டும். ஃப்ரெடி ஒரு வருஷமாக அங்கே உறுப்பினர். அடுத்த மாதம் ஆண்டுப் போட்டி. முதலில் வருகிறவருக்குக் கேடயம், டீமில் இடம், மற்ற பேர் பொறாமை, மூன்றும் உண்டு. அதில் உறுப்பினர்களின் வீட்டு ஆட்களும் கிளப் துப்பாக்கியை வாங்கிச் சுடலாம்.

"போட்டியில நான்தாமே ஃபர்ஸ்டு. எழுதி வெச்சுக்கோ."

ஜானட் தலைக்குப் பூ வைத்துக்கொண்டே சொன்னாள். "இன்னா பெரிய கஷ்டம்? படுத்துகினே ஆடற ஆட்டம் உலகத்துலயே அது ஒண்ணுதான். நான்கூடத்தான் ஆடுவேன்."

ஃப்ரெடிக்குச் சுருக்கென்று ஏறியது. "நீயா? துப்பாக்கிக்கு எது முன்னால, எது பின்னாலன்னு தெரியுமா ஒனக்கு? எங்க, என்னோட போட்டிக்கு வா பாப்பம்!"

"வந்தா?"

"நான் மேல வந்தேன்னா, வருசம் பூரா ஞாயித்துக்கெழம நான் சொல்றதுதான். நீ மேல வந்தேன்னா நீ சொல்றதுதான்."

"அப்பால பேச்சு மாறக் கூடாது."

"அந்தோனியார் மேல சத்தியம்!"

ஜானட் கண்ணாடியில் ஒருமுறை பூவைச் சரிபார்த்துக்கொண்டாள். அன்றைக்கு மச்சான் வீட்டுக் குழம்பு ஃப்ரெடிக்குப் பிரமாதமாக இருந்தது. ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் கைக்குள் வந்துவிட்டதாகவே நினைத்து இரண்டு துண்டு அதிகமாகப் போட்டுக்கொண்டான்.

இனி ஆயுதம். துப்பாக்கி கிளப்பே கொடுத்துவிடும். மேலே மாட்டும் ஸ்கோப்பை அவரவர் கொண்டுவரலாம். தூரத்து டார்கெட்டைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற கண்ணாடிக் குழாய் அது. எத்தனை மடங்கு இழுக்கிறதோ அத்தனை பவர் என்பார்கள். வண்ணாரப்பேட்டையில் ஃப்ரெடியின் தோஸ்து தமீம், கண்ணாடி வைத்த சாமானாகவே விற்கிற கடை வைத்திருக்கிறான். மாலுமி பைனாகுலர் முதல் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் வரை அங்கே கிடைக்கும். ஒரு சாயங்காலம் ஜானட்டும் கூடவே கிளம்பி வந்தாள்.

தமீம் இரண்டு ஸ்கோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஒன்று முழ நீளம்கூட இல்லை. இன்னொன்று கோயில் நாகஸ்வரத்துக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி கிடந்தது.

"மாமு, இது பத்து பவர். இது எட்டுல ஆரமிச்சு முப்பத்திரண்டு வரிக்கும் போவும். தோ, இந்த வளையத்தத் திருகினா ஏறும் எறங்கும். இருநூறு மீட்டருக்கு, அதுவும் ஒனக்கு, பத்து ஜோரா போதும்."

"பெருசு இருக்கச் சொல்ல சின்னது இன்னாத்துக்குடா?"

"மெய்யாலுமே சொல்றேன் கேளு. பவரு ஏற ஏற டார்கெட்டு மட்டும் பெருசாவாது மாமு. எல்லாமே பெருசாவும். உன் கை நடுங்கறது பெருசாவும். வெயில்ல தரையிலேர்ந்து அனல் ஏறுது பாரு, அந்தக் கானலு பெருசாவும். அப்பால கண்ணாடிக்குள்ள தெரியற எடம் சுருங்கிப் பூடும். ஊசி ஓட்டையில ஊர் பாக்கற கதை. பக்கத்துல இன்னா கீதுன்னே தெரியாது."

ஃப்ரெடி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். தமீம் வியாபாரி, பெரிய சாமானை வேண்டாம் என்கிறான் என்றால் அதில் விஷயம் இருக்கிறது. கை பத்து பவர் பக்கம் நகர்ந்தது. பெட்டியைக்கூடத் திறந்துவிட்டான்.

அப்போது ஜானட் மெதுவாகச் சொன்னாள். "ஆமாங்க. தமீம் அண்ணன் சொல்றதுதான் சரி. சின்னதே வாங்குங்க. உங்களுக்கு அது போதும்."

பெட்டி மூடிக்கொண்டது.

இந்த இடத்தில் ஃப்ரெடியின் குணம் ஒன்றைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. ஜானட் எதைச் சொல்கிறாளோ அதற்கு நேர் எதிராகச் செய்வான். குடை எடுத்துப் போங்கள் என்றால் எடுக்க மாட்டான். நனைந்து வந்து, மழை உடம்புக்கு நல்லது என்பான். காசிமேட்டில் இன்றைக்கு நெத்திலி வாங்காதீர்கள் என்றால் ஒரு கூடை வாங்கி வருவான். மூன்று நாள் தெருவே நாறும். ஆம்பளை என்று ஒருத்தன் வீட்டில் இருப்பதற்கு இதுதான் அத்தாட்சி என்பது அவன் எண்ணம். அத்தாட்சி ஒவ்வொரு முறையும் அவன் தலையில்தான் விடிந்திருக்கிறது என்றாலும் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"எனக்கு அது போதும்னு நீ இன்னாமே முடிவு பண்றது? தமீமு, அந்தப் பெருசைக் கட்டுடா!"

"மாமு, வேணான்டா..."

"கட்டுறியா, வேற கடைக்குப் போவட்டா?"

தமீம் கட்டினான். ஜானட் ஒரு பெருமூச்சு விட்டாள். அதை வருத்தப் பெருமூச்சு என்று ஃப்ரெடி எடுத்துக்கொண்டான்.

அன்று முதல் வீட்டில் ஸ்கோப் ராஜ்யம். சாயங்காலமானால் ஃப்ரெடி மொட்டை மாடி ஏறி, வளையத்தை முப்பத்திரண்டுக்குத் திருகி, ஊரைப் பார்ப்பான்.

"ஜானட்! இங்க வாயேன்! சர்ச்சு கோபுரத்துல ஒரு புறா குந்திகினு கீது. அது கண்ணு செவப்பா கருப்பான்னுகூடத் தெரியுதுமே!"

"துணி காயப் போட்டேனே, அத்த எடுத்துட்டேனா பாருங்க."

"துணி எங்க?"

"உங்க தலைக்கு மேலயே தொங்குது."

இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் அவன் காது கொடுக்கவில்லை. பொழுது விடியும் முன்பே கிளப்புக்குப் போய்ப் பயிற்சி எடுத்தான். ஆள் வராத அந்த வேளையில் அவனுக்காக ஒரே ஒரு டார்கெட்டை மாட்டி வைப்பார்கள். தரை குளிர்ந்து கிடக்கும். முப்பத்திரண்டு பவரில் டார்கெட் சுவர்க் கடிகாரம் அளவுக்குத் தெரியும். குண்டுகள் நடுவிலேயே போய் விழும். சில நாள் தன் குறியைப் பார்த்துத் தனக்கே கண் பட்டுவிடுமோ என்று பயந்தான்.

ஜானட்டோ துப்பாக்கி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. டூட்டி இல்லாத செவ்வாய்க்கிழமை வந்தால் அந்தோனியார் கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போனாள், இருட்டும் நேரத்துக்குத் திரும்பினாள். தோற்கப் போகிறவள் சாமியைத் தவிர யாரைப் பிடிப்பாள் என்று ஃப்ரெடிக்குப் பாவமாக இருந்தது. ஒரு மெழுகுவர்த்திக்குக் காசுகூடக் கொடுத்தான்.

போட்டி நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதான், பூசை முடித்துவிட்டு எல்லோரும் வந்து சேர வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கடல் காற்று இன்னும் கிளம்பவில்லை. பொட்டல் வெளி முழுக்க அனல் எழுந்து, தூரத்துப் புகைபோக்கிகள்கூட இடுப்பை வளைத்து ஆடிக்கொண்டிருந்தன. இந்த முறை டார்கெட் ஒன்று இல்லை, வரிசையாகப் பத்து. எல்லாம் ஒரே அச்சு. தலைக்குமேல் நம்பர் பலகை மட்டும் வேறு வேறு.

நடுவர் அப்பாவு, போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதினால் காக்காய்கூடப் பறக்க யோசிக்கும். பெயர் கொடுக்கும்போது ஜானட் இரண்டு பேருக்கும் சேர்த்தே கொடுத்திருந்தாள். ஃப்ரெடிக்கு மூன்றாம் நம்பர் டார்கெட், அவளுக்கு நான்காம் நம்பர்.

அவள் கையில் கிளப் துப்பாக்கி. மேலே கிளப்பின் பழைய ஸ்கோப், ஆறு பவர். ஃப்ரெடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாமே இது? இத்த வெச்சு டார்கெட்டைப் பாக்கப் போறியா, பக்கத்து ஊரப் பாக்கப் போறியா?"

"எனக்கு இது போதுங்க."

ஆளுக்குப் பத்து குண்டு. எல்லோரும் குப்புறப் படுத்தார்கள். அப்பாவு விசில் ஊதினார்.

ஃப்ரெடி கண்ணை வைத்தான். உள்ளே ஒரே வெள்ளை. துப்பாக்கியைக் கொஞ்சம் நகர்த்தினான்; மண் மேடு. கொஞ்சம் தூக்கினான், வானம். இன்னும் நகர்த்தினான், புல் நுனியில் ஒரு தட்டான் பூச்சி, எருமை அளவுக்கு. ஒரு வழியாக ஒரு டார்கெட் சிக்கியது. சிக்கியதும் அது நிற்க வேண்டுமே! கானலில் அது தண்ணீருக்குள் கிடப்பது போல நெளிந்தது. போதாக்குறைக்கு அவன் இதயத் துடிப்புக்கெல்லாம் ஒரு குதி குதித்தது.

கொஞ்சம் குறைத்தால் நல்லது என்று அவனுக்கே தெரிந்தது. தமீம் சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. யாருக்குத் தெரியப் போகிறது, ஒரு திருகு திருகினால் ஆயிற்று. இடது கை மெல்ல எழுந்து வளையத்தைத் தொட்டது.

பக்கத்திலிருந்து ஜானட்டின் குரல் கேட்டது. "இன்னாங்க, வெயில் ஜாஸ்தியா கீது. பவரைக் கொஞ்சம் கொறைச்சு வெச்சுக்கோங்க."

கை திரும்பிப் போய்விட்டது.

"நாலாம் நம்பர்!" என்று அப்பாவு கர்ஜித்தார். "சுடும்போது யாரும் யார்கிட்டயும் பேசக் கூடாது. இன்னொரு வார்த்தை பேசினா வெளிய அனுப்பிடுவேன்!"

"சாரி சார்," என்றாள் ஜானட், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

ஃப்ரெடி பல்லைக் கடித்தான். முப்பத்திரண்டிலேயே முடித்துக் காட்டுகிறேன் பார். தலையைத் தூக்கினால் மறுபடி வானம், மண், தட்டான் பூச்சி என்று தேட வேண்டும். ஆகவே கிடைத்த டார்கெட்டை விடாமல், கண்ணை எடுக்காமல், அனல் ஒரு நொடி அடங்கும்போது பார்த்து ஒவ்வொரு குண்டாகப் போட்டான். அவன் வாழ்நாளில் அப்படிச் சுட்டதில்லை. கருப்பு வட்டத்துக்குள் ஓட்டைகள் பூ மாதிரி விரிந்தன. நடுவில் ஒரு சந்தேகம் வந்தது. ஆறு குண்டுதான் சுட்டிருக்கிறான், ஓட்டை ஒன்பது தெரிகிறதே? கானலில் ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்று அவனே சமாதானமும் சொல்லிக்கொண்டான். பத்தாவது குண்டையும் போட்டுவிட்டு எழுந்தபோது, இந்த ஒரு வருஷம் சூயஸ் கால்வாய் பக்கமே போக வேண்டியதில்லை என்று மனசு சீட்டி அடித்தது.

காகிதங்கள் வந்தன. அப்பாவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாம் நம்பர் காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். திருப்பிப் பிடித்தார்.

"ஃப்ரெடி சார், உங்க பேப்பர் புதுசா கடையிலேர்ந்து வாங்கினாப்பல கீதே?"

"இன்னாது?"

"ஒரு ஓட்டகூட இல்ல."

"சார், டபாய்க்காதீங்க சார்! என் கண்ணால பாத்தேன்!"

அப்பாவு நான்காம் நம்பர் காகிதத்தை எடுத்தார். அதில் தேன்கூடு. எண்ணினார். மறுபடி எண்ணினார். "அம்மா, நீங்க எத்தினி சுட்டீங்க?"

"பத்துதான் சார்," என்றாள் ஜானட். "இதுல இருபது கீது. யாரோ பக்கத்துக்காரரு தயவு பண்ணியிருக்காரு."

ஃப்ரெடிக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடிக்குள் ஒரே ஒரு டார்கெட்தான் தெரிந்தது. தலைக்குமேல் இருக்கும் நம்பர் பலகை தெரியவே இல்லை. பத்து குண்டையும் அழகாக, அணு பிசகாமல், பெண்டாட்டியின் டார்கெட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறான்.

"இருபதுல எது உங்களுது, எது அவங்களுதுன்னு காட்ட முடியுமா சார்?" என்று அப்பாவு கேட்டார்.

ஃப்ரெடி குனிந்து பார்த்தான். எல்லா ஓட்டையும் ஒரே மாதிரி இருந்தது. "தெரியலயே சார்."

"அப்படின்னா கிளப் சட்டம் சுவத்துலயே ஒட்டிக் கீது. அடுத்தவன் டார்கெட்ல சுட்டவனுக்கு முட்டை. எது யாருதுன்னு தெரியலன்னா, டார்கெட்டுக்குச் சொந்தக்காரருக்கு அதுல இருக்கற நல்ல பத்து." கூட்டிப் பார்த்தார். "ஜானட் அம்மா முதல் பரிசு!"

கூட்டம் கை தட்டியது. ஃப்ரெடி ஜானட்டின் காதோரம் சீறினான்.

"நான் ஒன்னோடதுல சுடறது ஒனக்குத் தெரிஞ்சுதா இல்லியா?"

"மொத குண்டுலயே தெரிஞ்சுது. என் சின்னக் கண்ணாடியில உங்க டார்கெட்டும் தெரியுது, என்னுதும் தெரியுது, நம்பரும் தெரியுது."

"சொல்றதுக்கு இன்னா கேடு?"

"பேசினா வெளிய அனுப்பிடுவேன்னாரே. போலீஸ்கார மனுசன் பேச்ச மீற முடியுங்களா?"

பரிசு கொடுக்கும் முன்னால் போட்டோவுக்காக ஜானட்டை ஒரே ஒரு குண்டு சுடச் சொன்னார்கள். முகத்துக்கு நேரே போன்கள் நீண்டன. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. கொண்டைப் பூவை ஒதுக்கிக்கொண்டு படுத்தாள், மூச்சை விட்டாள், பாதியில் நிறுத்தினாள், சுட்டாள். எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். ஆறு பவர் கிழட்டு ஸ்கோப்பில், ஆடுகிற அனலுக்கு நடுவே, குண்டு சரியாக மையத்தில் போயிருந்தது.

முதலில் கை தட்டியது ஃப்ரெடிதான். தோற்றவன் தட்டுகிற தட்டு இல்லை அது. இருபது வருஷமாகக் கூடவே இருக்கிற இந்தப் பொம்பளைக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாளா என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த இருபது ஓட்டையில் நல்ல பத்து தன்னுடையது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தான். அது இப்போது சந்தேகமாகிவிட்டது. சந்தேகமானதில் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. "என் பொண்டாட்டி சார்!" என்று பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"பின்ன இல்லியா?" என்றார் அப்பாவு. "செவ்வாக்கெழம தவறாம வந்து கத்துக்கினாங்களே. நல்ல உச்சி வெயில்லதான் சொல்லிக் குடுங்கன்னு கேட்டு வாங்கிக் கத்துக்கினவங்க."

ஃப்ரெடி மெல்லத் திரும்பினான். "செவ்வாக்கெழம அந்தோனியார் கோயிலு?"

"போனேனே. நவநாள் முடிஞ்சு அப்பால ட்ரெயின் ஏறினேன்."

"நான் குடுத்த மெழுகுவத்தி?"

"ஏத்தினேன். உங்க பேர்லதான்."

வீட்டுக்குப் போகும் வழியில் ஃப்ரெடி ஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு வளையத்தை முன்னும் பின்னுமாகத் திருகிக்கொண்டே வந்தான். பிறகு கேட்டான். "கடையில நீ வாய மூடிகினு இருந்தா நான் சின்னதுதான வாங்கியிருப்பேன்?"

"ஆமா."

"இன்னிக்கு நீ கம்முனு இருந்திருந்தா நானே கொறைச்சிருப்பேன்."

"ஆமா. வளையத்துக்குக் கை போச்சே, பாத்தேனே."

"அப்ப வேணும்னுதான் சொன்னியா?"

ஜானட் கேடயத்தை முந்தானையால் துடைத்தாள். "நான் ஒரு பொய் சொன்னேனா? சின்னது வாங்குங்கன்னேன். பவரைக் கொறைங்கன்னேன். ரெண்டும் மெய்யாலுமே நல்ல புத்தி. தமீம் அண்ணன் சொன்னா அது யோசனை, நான் சொன்னா அது பேஜாரா? நல்லது சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகினு சொன்னா அது என் குத்தமாங்க?"

ஃப்ரெடிக்குக் கோபம்கூட வர மாட்டேன் என்றது. பத்து மாடி உயரத்திலிருந்து நாள் பூரா ஊரைப் பார்க்கிறவன் அவன். கவுண்டர் ஓட்டை வழியாகப் பார்க்கிறவள் அவள். இரண்டு பேரில் யாருக்கு அதிகம் தெரிகிறது என்பது அவனுக்கே விளங்கிவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமை ஜானட் சொல்வதுதான். என்ன பெரிதாகச் சொல்லிவிடுவாள்? பழையபடி இரண்டு பேரும் போய் உட்கார்ந்து குழம்பு சாப்பிட வேண்டும், அவ்வளவுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஜானட் கிளப் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள்.

"இன்னாமே, அண்ணன் வூட்டுக்குத் தொப்பியோடயா?"

"அண்ணன் வூட்டுக்கு நீங்க. கிளப்புக்கு நான். டீம்ல சேத்துட்டாங்கல்ல? மத்தியானம் பிராக்டீஸு. ரெண்டு பேருக்கும் ஒரே ட்ரெயின்தான். நீங்க கத்திவாக்கத்துல எறங்கிடுங்க, நான் அத்திப்பட்டு வரிக்கும் போறேன்."

"நான் மட்டுமா? ஜானட், அவரு உன் அண்ணன்மே!"

"என் அண்ணன்தான். தங்கம். ஒருத்தராவது வந்து குந்தலன்னா சாப்புடாது. ஆனா அந்தக் கப்பல் கதைய நீங்க இருபது வருசமாத்தான் கேக்கறீங்க. நான் பொறந்ததுலேர்ந்து கேட்டுகினு கீறேன்."

வண்டி தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று போய்க்கொண்டிருந்தது. ஃப்ரெடிக்குக் கடைசியாக ஒரு யோசனை வந்தது. அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்கிறதே. இந்தத் தடவை அவள் சொல்வதை அப்படியே கேட்டுவிட்டால்?

"ஜானட், அடுத்த வருசப் போட்டிக்கு எத்தினி பவர்ல வெச்சுக்கட்டும்? நீ சொல்றதத்தான் வெச்சுப்பேன்."

ஜானட் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "முப்பத்திரண்டே வெச்சுக்கோங்க."

ஃப்ரெடி விரல் விட்டுக் கணக்குப் போட்டான். சொன்னபடி செய்வதா? எதிராகச் செய்வதா? எதிராகச் செய்வான் என்று நினைத்துச் சொன்னாளா, இல்லை கேட்பான் என்று நினைத்துச் சொன்னாளா? விம்கோ நகர் வந்தது, போனது. அவனுக்கு ஒரு பக்கமும் பிடிபடவில்லை. அதற்குள் கத்திவாக்கம் வந்துவிட, ஜானட் அண்ணனுக்குக் கொண்டுவந்த பலகாரக் கூடையை அவன் கையில் திணித்து இறக்கிவிட்டாள். வண்டி கிளம்பியது. தொப்பி போட்ட தலை ஜன்னலில் சிரித்துக்கொண்டே போவதைப் பார்த்து, அவ்வளவு வெயிலிலும் ஃப்ரெடிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிளாட்பாரத்தில் ஸ்டானிஸ்லாஸ் காத்திருந்தார். கூடையை வாங்கிக்கொண்டு, அவன் தோளில் கை போட்டார்.

"வா மாப்ள, வா. இனிமே ஞாயித்துக்கெழம நீ மட்டும்தான் வருவேன்னு தங்கச்சி போன மாசமே சொல்லிடுச்சு."